நாலாம் வகை

மதுக்கரையிலிருந்து புறப்பட்ட வாடகைக் கார் காலை ஏழு மணிக்குக் கோயமுத்தூர்ப் பெண்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. பின் ஸீட்டில் தாயின் மடியில் தலை வைத்துக் கிடந்தாள் மாரியாத்தாள். அவளுடைய உதடுகள் காகிதம் போல வெளுத்திருந்தன.

விடியற்காலையில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தலைச்சன் பிரசவம். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. நஞ்சுக்கொடிதான் முழுதாக வெளியே வரவில்லை. மருத்துவச்சி தனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்தாள். உதிரப்போக்கு நிற்கவில்லை. சிமெண்டு ஆலையில் குமாஸ்தாவாக இருந்த அவள் கணவன் அழகிரிசாமி ஓடிப்போய்க் காரைப் பிடித்துக்கொண்டு வந்தான். போத்தனூரில் பஞ்சு அரவை மில் வைத்திருந்த மாமனாருக்கும் வழியிலேயே தகவல் சொல்லிவிட்டான்.

இப்போது மணி எட்டரை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நாலு பேர் காத்திருந்தார்கள். மாரியாத்தாளின் தகப்பனார் வெள்ளியங்கிரி. தாய் சென்னியம்மாள். அழகிரிசாமி. பிறகு, பெஞ்சியின் ஓரத்தில் பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, வெள்ளியங்கிரியின் அக்கா நஞ்சம்மாள். இளவயதில் தாலி இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். அன்றிலிருந்து அந்த வீட்டின் சாவிக் கொத்து அவள் இடுப்பில்தான் இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வெங்கடம்மாள் வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இராது. முழங்கை வரை ரத்தம்.

"ரத்தம் போறது நின்னுருச்சுங்க" என்றாள். சென்னியம்மாள் கைகூப்பினாள். டாக்டர் தலையை ஆட்டினாள். "அவசரப்படாதீங்கம்மா. நின்னுருச்சு, ஆனா நெம்பப் போயிருச்சு. உப்புத் தண்ணி ஏத்தியிருக்கறேன். அது சித்த நேரம்தான் தாங்கும். வேற ஒருத்தர் ரத்தத்தை எடுத்து ஏத்தினாத்தான் புள்ளை பொழைக்கும்."

வெள்ளியங்கிரி அடுத்த நொடியே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டார். "என்றதை எடுத்துக்குங்க. எத்தனை வேணுமோ எடுங்க."

"எடுக்கறதுக்கு முந்திப் பார்க்கோணுங்க. மனுச ரத்தத்துல நாலு வகை இருக்குது. பார்க்கறதுக்கு எல்லாம் ஒரே செவப்புத்தான். ஆனா எல்லார் ரத்தமும் எல்லார்த்துக்கும் சேராது. சேராததை ஏத்தினா உள்ளே போயிக் கட்டி கட்டியா ஒட்டிக்கும். காப்பாத்தப் போயி நாமளே கொன்ன மாதிரி ஆயிரும்."

"என்ற மகளுக்கு என்ற ரத்தம் சேராம போயிருங்களா?" என்று கேட்டு வெள்ளியங்கிரி லேசாகச் சிரித்தார். அந்தக் காலை முழுவதிலும் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

டாக்டரின் அறையில் ஒரு வெள்ளைப் பீங்கான் ஓடு இருந்தது. பக்கத்திலே வகை பார்க்கும் மருந்து நீர் அடைத்த, விரல் அளவுள்ள இரண்டு கண்ணாடிக் குப்பிகள். மெட்ராஸிலிருந்து ஐஸ் வைத்து மெயிலில் வந்தவை. ஓட்டின் மேல் ஒரு குப்பியிலிருந்து ஒரு சொட்டு, மற்றதிலிருந்து ஒரு சொட்டு, இரண்டையும் தள்ளித் தள்ளி வைத்தாள். வெள்ளியங்கிரியின் விரல் நுனியில் ஊசியால் குத்தி, வந்த ரத்தத்தை இரண்டிலும் கலந்து, ஓட்டை மெதுவாக அசைத்தாள்.

ஒரு சொட்டு அப்படியே வழவழப்பாக இருந்தது. இன்னொன்று சில நிமிஷத்தில் திரிந்தது. செங்கல் பொடியைத் தூவினது போலப் புள்ளி புள்ளியாகப் பிரிந்து நின்றது.

அழகிரிசாமியின் ரத்தத்தையும் பார்த்தாள். அவனுக்கு மற்றச் சொட்டுத் திரிந்தது.

டாக்டர் தாழ்வாரத்துக்கு வந்தாள். "மாப்பிள்ளையுது மூணாம் வகை. ஐயாவுது ரெண்டாம் வகை. பொண்ணுது நாலாம் வகைங்க. ரெண்டு பேர்துமே சேராது."

குழந்தை ஒரு தடவை சிணுங்கி அடங்கியது.

"பெத்த அப்பன் ரத்தமே புள்ளைக்குச் சேரலையாமா?" என்றாள் நஞ்சம்மாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. மடியில் கிடந்த குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் அன்னைக்கே மாசத்தை எண்ணிச் சொன்னேன். ஒருத்தரும் காதுல வாங்கலை."

சென்னியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த மாசக் கணக்கு அவளுக்குப் புதிதல்ல. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், யுத்த காலத்தில், வெள்ளியங்கிரி பஞ்சு வியாபாரத்துக்காகப் பம்பாய் போனார். ஆறு மாதம் அங்கேயே தங்கிவிட்டார். அதுவரைக்கும் சென்னியம்மாள் பல்லடத்தில் தாய் வீட்டில் இருந்தாள். ஆடிப் பதினெட்டுக்கு அவர் திரும்பி வந்தார். மாசி முடியும்போது மாரியாத்தாள் பிறந்துவிட்டாள். ஏழரை மாதம். உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கும் அளவு குழந்தை. மில்லிலிருந்து கொண்டுவந்த புதுப் பஞ்சில் பொதிந்து வைத்து, பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் சொட்டுச் சொட்டாக விட்டு, இரண்டு மாதம் கண் மூடாமல் சென்னியம்மாள் அதைக் காப்பாற்றினாள்.

குறை மாதத்தில் பிறந்த குழந்தை என்று ஊர் சொன்னது. நஞ்சம்மாள் மட்டும் விரலை மடக்கி எண்ணினாள். அன்று ஆரம்பித்தது. உரலில் மாவு ஆட்டும்போதும், உறவுசனம் உறம்பரை வந்திருக்கும்போதும், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும், எங்காவது ஒரு வார்த்தை வந்து விழும். சென்னியம்மாள் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. பதில் சொன்னால் அந்தக் கேள்வியைக் கேட்க அவர்களுக்குப் பாத்தியதை உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவள் எண்ணம்.

இன்றும் அவள் நாத்தனாரைப் பார்க்கவில்லை. கணவனைப் பார்த்தாள்.

வெள்ளியங்கிரி சுருட்டிய சட்டைக் கையைக் கீழே இறக்கினார். பித்தானைப் போட்டார். படி இறங்கி, வாசலில் நின்ற காரை நோக்கி நடந்தார்.

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்கு நேரமில்லை. திரும்பினாள்.

"டாக்டரம்மா, என்றதைப் பாருங்க" என்று விரலை நீட்டினாள்.

இந்தத் தடவை இரண்டு சொட்டுக்களுமே திரியவில்லை. டாக்டர் ஓட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு மகளின் ரத்தத்தில் தெளிந்த நீரைத் தனியாக எடுத்து, தாயின் ரத்தத்தை அதோடு கலந்து இன்னொரு தரம் பார்த்தாள்.

"நாலாம் வகைங்கம்மா! உங்க பொண்ணுக்கு நல்லாச் சேருது. குடுக்கறதுக்குப் பயமா இருக்குதுங்களா?"

"எனக்கென்னுங்க பயம்? சீக்கிரம் எடுங்க."

மகளின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டிலைப் போட்டுச் சென்னியம்மாளைப் படுக்க வைத்தார்கள். மேல் கையை ரப்பர் குழாயால் இறுக்கிக் கட்டி, முழங்கை மடிப்பில் ஊசியைச் செலுத்தினாள் டாக்டர். கண்ணாடிக் குடுவைக்குள் ரத்தம் கருஞ்சிவப்பாக இறங்கியது. உறையாமல் இருக்க அதில் ஒரு மருந்து இருந்தது. நர்ஸ் குடுவையைக் கையிலேயே வைத்துக்கொண்டு மெல்ல மெல்லச் சுழற்றினாள்.

நிறைந்ததும் அதைச் சுத்தமான துணியில் வடிகட்டி, உயரத்தில் தொங்கவிட்டு, மகளின் கைக்குக் குழாயைச் சேர்த்தார்கள். முதல் பத்து நிமிஷம் டாக்டர் மூச்சு விட்டதாகவே தெரியவில்லை. மாரியாத்தாளின் நாடியைப் பிடித்துக்கொண்டு, முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதுகு வலிக்கிறதா, குளிர்கிறதா என்று மூன்று தடவை கேட்டாள். மாரியாத்தாள் இல்லை என்று இமையை மட்டும் அசைத்தாள்.

குடுவை பாதி காலியானபோது அவளுடைய காது மடலில் லேசாக ஒரு சிவப்பு வந்தது. முதலில் கண்டவள் தாய்தான்.

"டாக்டரம்மா, காதைப் பாருங்க."

"பார்த்துட்டேனுங்கம்மா" என்றாள் டாக்டர். அவள் குரல் இப்போதுதான் கொஞ்சம் தளர்ந்தது. "நாடியும் ஏறுது."

அழகிரிசாமி காருக்கு ஓடினான்.

வெள்ளியங்கிரி பின் ஸீட்டில் உட்கார்ந்திருந்தார். காலையில் மகள் கிடந்த இடம். விரல் நுனியில் ஊசி குத்திய புள்ளியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"மாமா, அத்தை ரத்தம் குடுத்திருக்கறாங்க. அது சேந்துருச்சுங்க. மாரிக்கு முகம் தெளிஞ்சிருக்குது" என்றான் மூச்சு வாங்க.

"யாரு, சென்னியா குடுத்தா?"

"ஆமாங்க. ஒரு குடுவை நிறைய. உள்ளே வாங்க மாமா."

அவர் இறங்கினார். ஆனால் மகளிடம் போகவில்லை. நேரே டாக்டரின் அறைக்குப் போனார். கதவைச் சாத்தினார்.

"ஒண்ணு கேக்கோணுங்க" என்றார். பீங்கான் ஓட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். "என்ற ரத்தம் ரெண்டாம் வகை. என்ற மக நாலாம் வகை. அப்படி இருக்கறதுக்கு ஞாயம் உண்டுங்களா?"

டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தாள். தாழ்வாரத்தில் நஞ்சம்மாள் சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது.

"தாராளமா உண்டுங்க. அப்பன் ஒரு பங்கு, அம்மா ஒரு பங்குன்னு சேந்துதான் புள்ளைக்கு ரத்த வகை அமையுது. உங்களுக்குள்ளேயும் ரெண்டு பங்கு இருக்குது. ஒண்ணு வெளியே தெரியும். இன்னொண்ணு தெரியாம உள்ளேயே கிடக்கும். அந்தத் தெரியாத பங்கு மகளுக்குப் போயிருந்தா, அவங்க அம்மா மாதிரியே நாலாம் வகைதான் வரும்."

வெள்ளியங்கிரி யோசித்தார். "எங்க காங்கயம் மாட்டுல கன்னு எல்லாம் செவலையாத்தான் பொறக்கும். வளர வளர வெளுத்து மயிலையாயிரும். ஆனா பாருங்க, மயிலை மாட்டுக்கு மயிலைக் காளையைச் சேர்த்தும், எங்கியோ ஒரு கன்னு கடைசி வரைக்கும் வெளுக்காம நின்னுரும். எங்க பட்டியிலேயே பார்த்திருக்கறேன். அந்த மாதிரிங்களா?"

"மாட்டைப் பத்தி எனக்கு அத்தனை தெரியாதுங்க. ஆனா கேட்டா, அது மாதிரிதான் இருக்குது."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப மாரி என்ற மகதான்னு இந்த ஓடே சொல்லுது. அப்படித்தானுங்களே?"

டாக்டர் துண்டில் கையைத் துடைத்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்துவிடும். அவள் சொல்லவில்லை.

"இல்லீங்க. உங்க மக இல்லைன்னு இந்த ஓடு சொல்லலை. அவ்வளவுதான். உங்க மகதான்னும் இது சொல்லாது. நாலாம் வகை ஒண்ணும் அபூர்வம் இல்லீங்க. நான் பார்த்த வரைக்கும் மூணு பேர்ல ஒருத்தருக்கு அதுதான் இருக்குது. யாருக்கு யார் ரத்தம் சேரும்னு பார்க்கத்தான் இது. யாருக்கு யாரு புள்ளைன்னு பார்க்கறதுக்கு இல்லை."

"அப்ப நான் எதை வெச்சுத் தெரிஞ்சுக்கறதுங்க?"

"எனக்கு அந்த அம்மாளைக் காலையில இருந்துதான் தெரியும். உங்களுக்கு?"

வெள்ளியங்கிரி வெளியே வந்தார்.

சென்னியம்மாள் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். கையில் கட்டு. பக்கத்துக் கட்டிலில் மாரியாத்தாள் தூங்கினாள். பயப்பட வேண்டிய தூக்கம் இல்லை. மூச்சு சீராக வந்தது.

வெள்ளியங்கிரி மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இதமான சூடு தட்டியது. பிறகு முக்காலியை இழுத்து மனைவியின் பக்கம் உட்கார்ந்தார்.

"நான் சந்தேகப்பட்டுப்போட்டேன் அம்மணி" என்றார். "கார்ல உக்காந்து மாசத்தை எண்ணினேன்."

சென்னியம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். "எண்ணி முடிச்சுட்டீங்களா?"

"முடிக்கலை. நீ ரத்தம் குடுத்தேன்னு மாப்பிள்ளை வந்து சொன்னாரு. அதுக்கு மேல எண்ண முடியலை. டாக்டரம்மாகிட்ட கேட்டேன். ரத்தத்தைப் பார்த்து ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுட்டாங்க. ஆமான்னும் இல்லை, இல்லைன்னும் இல்லை."

"அப்புறம்?"

"எனக்கு ஒருத்தரும் சொல்ல வேண்டியதில்லை அம்மணி. புள்ளையைப் பஞ்சுக்குள்ள வெச்சுக்கிட்டு நீ ரெண்டு மாசம் உக்காந்திருந்ததை நான் பார்த்தவன். எனக்குத் தெரியும்."

அவள் கண் நிறைந்தது. ஆனால் குரல் கரையவில்லை.

"நீங்க சந்தேகப்பட்டது ரெண்டு மணி நேரமுங்க. அது எனக்குப் பெருசில்லை. பத்தொம்பது வருசமா அக்கா சொல்றப்ப எல்லாம் நீங்க கூடவே இருந்தீங்க. ஒரு நாளாவது ஒரு வார்த்தை சொன்னீங்களா? சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டுக் குனிஞ்சே இருந்தீங்க. அதுதானுங்க எனக்கு ஆறலை."

வெள்ளியங்கிரி முக்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். எழுந்தார். வார்டுக் கதவை அகலத் திறந்தார். தாழ்வாரப் பெஞ்சியில் நஞ்சம்மாள் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றார். உள்ளே இருப்பவளுக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னார். "இன்னைக்கோட அந்த மாசக் கணக்கை உட்டுருங்க. மாரி என்ற மக. இனிமே ஒரு வார்த்தை அதைப் பத்தி வந்துச்சுன்னா, அது சென்னியைச் சொன்னதா ஆகாது. என்னையச் சொன்னதா ஆகும்."

நஞ்சம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். தன்னை எதிர்த்து இந்தத் தம்பி பேசி அவள் கேட்டதே இல்லை.

"நான் உனக்கு நல்லதுக்குத்தான் சாமி..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

பகல் மூன்று மணிக்கு டாக்டர் மறுபடியும் நாடி பார்த்தாள். அவள் நெற்றி சுருங்கியது.

"பயப்பட ஒண்ணுமில்லீங்க. ஆனா போனது எச்சு. ஒரு குடுவை பத்தலை. பொழுது சாயறதுக்குள்ள இன்னொரு தடவை ஏத்தினா நான் தைரியமா இருப்பேன். இந்த அம்மாகிட்டயே மறுபடியும் எடுக்கக் கூடாது. வேற நாலாம் வகை ஆள் வேணும்."

அழகிரிசாமி, "ஆலையில இருந்து ஆளுகளைக் கூட்டியாரட்டுங்களா?" என்றான். மதுக்கரைக்குப் போய்த் திரும்பவே நேரம் ஆகும். அத்தனை பேரையும் பார்க்க வேண்டும்.

பெஞ்சியிலிருந்து நஞ்சம்மாள் எழுந்தாள். குழந்தையை அழகிரிசாமியின் கையில் கொடுத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு டாக்டரின் முன்னால் வந்து நின்றாள்.

"என்றதையும் பார்த்துருங்க" என்றாள்.

ஊசி குத்தும்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். ஓடு ஆடியது. எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். இரண்டு சொட்டுக்களும் வழவழவென்று அப்படியே இருந்தன. டாக்டர் அவசரப்படாமல் மாரியாத்தாளின் ரத்த நீரோடும் கலந்து பார்த்தாள்.

"நாலாம் வகைங்க. சேருது."

நஞ்சம்மாளுக்கு முதலில் புரியவில்லை. "மாரியுதேங்களா? அதே வகையா?"

"அதேதானுங்க."

"அப்ப..." என்று மாரியாத்தாள் இருந்த வார்டுப் பக்கம் திரும்பினாள். "அப்ப இது எங்க ஊட்டு ரத்தம்தானுங்களா?"

டாக்டர் வெள்ளியங்கிரியை ஒரு தரம் பார்த்தாள். "அப்படியும் நான் சொல்ல மாட்டேனுங்க. குடுத்தா அவங்க பொழைப்பாங்க. அதை மட்டும் சொல்றேன்."

நஞ்சம்மாள் வார்டுக்குள் போனாள். கட்டில்களுக்கு நடுவே நின்றாள். மாரியாத்தாள் அரைக்கண் திறந்து, "அத்தை" என்றாள். பிறந்த நாளிலிருந்து விரல் மடக்கி எண்ணப்பட்ட பெண் அவள். அது அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ, அந்தக் குரலில் ஒரு பேதமும் இல்லை.

நஞ்சம்மாள் சென்னியம்மாளின் பக்கம் திரும்பினாள். அந்த வீட்டில் அவள் யாரிடமும் கேட்டு ஒரு காரியம் செய்தவள் இல்லை.

"நான் குடுக்கட்டுமா அம்மணி?"

சென்னியம்மாள் அவளை நேருக்கு நேர் பார்த்தாள். நெடு நேரம் பார்த்தாள். டாக்டரே பொறுமை இழந்து கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தக் கட்டில்லயே படுத்துக்குங்க நங்கையா" என்றாள் சென்னியம்மாள். எழுந்து இடம் விட்டாள். கால் தள்ளாடியது. ஆனாலும் நாத்தனாரின் கையைத் தன் கையாலேயே நீட்டி வைத்தாள். "ஊசி போறப்ப எரியும். அப்புறம் தெரியாது. கையை மட்டும் அசைச்சுறாதீங்க."

நஞ்சம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கண்ணின் ஓரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. துடைக்க ஒரு கைதான் இருந்தது. அந்த நீரைச் சென்னியம்மாளே துடைத்துவிட்டாள்.

ஐந்து மணிக்கு முன்னால் இரண்டாவது குடுவையும் காலியானது. மாரியாத்தாள் தானாகவே கையை ஊன்றித் தலையைத் தூக்கி, "என்ற கொழந்தையைக் குடுங்க" என்றாள். டாக்டர் வெங்கடம்மாள் முதல் தடவையாகச் சிரித்தாள். இனி அவளுக்கு ஓய்வும் ஈரல் சூப்பும் கீரையும் போதும், பதினைந்து நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

வெள்ளியங்கிரி தாழ்வாரத்தில் நின்றிருந்தார். சென்னியம்மாள் வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாரி இங்கே இருக்கற வரைக்கும் நீயும் இங்கதான் இருப்பே" என்றார் அவர்.

"ஆமாங்க."

"அப்புறம் மதுக்கரையில ஒரு மாசம் இருப்பியாட்ட இருக்குது."

"இருப்பேனுங்க. ரெண்டு மாசமும் இருப்பேன்."

அவர் வேட்டியின் ஓரத்தைச் சரி செய்தார். அதில் ஒன்றும் கலைந்திருக்கவில்லை.

"அதுக்கப்புறம் நம்ம ஊட்டுக்கு வருவியா அம்மணி?"

உள்ளே குழந்தை பசித்து அழுதது. அழுகை திடீரென்று நின்றது. தாய் அணைத்துக்கொண்டுவிட்டாள் போலும். சென்னியம்மாள் அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"மதுக்கரைக்கு வாங்க" என்றாள் கடைசியில். "அங்கே வந்து கேளுங்க. அப்பச் சொல்றேன்."